கம்பியில் குத்தி வைத்த கடிதங்கள்

போன மாதம் தில்லி கரோல் பாகில் பெரியப்பா வீட்டைக் காலி செய்தோம். பரணில் வளைந்த இரும்புக் கம்பி ஒன்று. அதில் குத்தியபடியே ஒரு முழம் உயரத்துக்குக் கடிதங்கள். எல்லாம் ஊரிலிருந்து தாத்தாவுக்கு வந்த கார்டும் இன்லண்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை, அதைச் சுற்றித் துரு. "க்ஷேமம். க்ஷேமத்திற்குப் பதில்" என்று தொடங்கி, கிணற்றில் தண்ணீர் எத்தனை படி இறங்கியது, வண்டிமாடு என்ன விலைக்குப் போனது என்று போகிறது. இடம் போதாமல் ஓரத்தில் தலைகீழாக நாலு வரி. சாவுச் செய்தி ஒன்றுகூட இல்லை. அதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்களே.

பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரர் தராசைத் தூக்கிவிட்டார், யாரும் தடுக்கவில்லை. தில்லியில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்க முடியாத காகிதத்தை என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

நான் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு நூலகத்தில் கேட்டதற்கு, "தாத்தா பிரபலமானவரா?" என்றார்கள். அந்தக் கேள்விதான் பொறுக்கவில்லை. ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம் தலைவர்களின் கடிதங்களை வைத்திருக்கிறது. சரி, வைக்க வேண்டியதுதான். வ.உ.சி.க்காகத் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் திரட்டிய பணத்தைப் பற்றி அவர் 1915இல் காந்திக்கு எழுதினார். தொகை 347 ரூபாய் 12 அணா. இருவர் கடிதங்களும் தப்பியதால்தான், சிறையிலிருந்து வந்தவர் பட்ட பாடு நமக்குத் தெரிகிறது. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் பிரபலமில்லாத மனிதர்கள். அவர்கள் வீட்டுக் கடிதங்கள் எங்கே போயின?

இப்போது கம்பியின் முனையை நறுக்கி, ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறேன். அடுக்கை மாற்றவில்லை, எதற்கு அப்புறம் எது வந்தது என்று அதுதான் சொல்லும். தேதி போடாத கடிதத்துக்குத் தபால் முத்திரைதான் தேதி, அதனால் உறை இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். படம் எடுத்தாயிற்று என்று அசலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஞாயிறுதோறும் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கிறாள், என் மகள் போனில் பதிவு செய்கிறாள். யார் எந்தச் சித்தி, எந்த மாமா என்று சொல்ல இன்று அம்மா ஒருத்திதான் இருக்கிறாள்.

தில்லியில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு கம்பி தொங்கினால், கபாடிக்குப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.