ஐந்து மாத வேலை

துபாயில் நான் வேலை பார்த்த கடையில் பக்கத்து கவுண்டரில் ஒரு பிலிப்பினோ பெண் இருந்தார். எல்லோரும் 'ஆத்தே' என்று கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அக்கா. கல்லூரிப் படிப்பு முடித்தவர். "மணிலாவிலேயே வேலை கிடைக்காதா?" என்று ஒருநாள் கேட்டேன். "கிடைக்கும், ஐந்து மாதத்துக்கு" என்றார்.

அப்புறம்தான் விவரம் புரிந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சட்டப்படி ஆறு மாதத் தகுதிகாண் காலம் தாண்டியும் வேலையில் தொடர்ந்தால் அவர் நிரந்தர ஊழியர். அதனால் பல கம்பெனிகள் ஐந்தாவது மாதமே கணக்கை முடித்து அனுப்பிவிடுகின்றன. இதற்கு 'எண்டோ' என்று பெயரே இருக்கிறது. 2016 தேர்தலில் வென்று அதிபரான டுட்டெர்டே இதை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றி அனுப்பியதும், 2019 ஜூலையில் அவரே அதை நிராகரித்தார். இதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஐந்து மாதம் சம்பளம், அப்புறம் மறுபடி வேலை தேடல் என்று ஓடும் வீட்டுக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்? தெருவுக்கு வரும் 'ஃபைவ்-சிக்ஸ்' வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். 5 வாங்கினால் 6 திருப்ப வேண்டும். இந்தத் தொழிலில் அங்கே பெயர் வாங்கியவர்கள் இந்தியர்கள் என்பது நமக்கு வருத்தமான சேதி.

கூலியாவது போதுமா? 2022 டிசம்பரில் மணிலாச் சந்தைகளில் வெங்காயம் கிலோ 700 பெசோவைத் தொட்டது. அப்போது அங்கே குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 570 பெசோ. நாடு முழுக்கக் கூலியை உயர்த்த செனட் 100 பெசோ என்றது, கீழவை 200 என்றது. இரண்டு அவைகளும் உடன்பாட்டுக்கு வராமலே 2025 ஜூனில் மசோதா காலாவதியானது. அடுத்த மாதம் மணிலாவுக்குக் கிடைத்தது 50 பெசோ உயர்வு.

ஆகவே வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார்கள். 1974இல் அதிபர் மார்கோஸ் காலத் தொழிலாளர் சட்டம் ஆள் அனுப்புவதை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. 1988இல் அதிபர் கொராசோன் அக்கினோ இப்படிப் போனவர்களை 'புதிய வீரர்கள்' என்று புகழ்ந்தார். 2024இல் அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் 38 பில்லியன் டாலருக்கும் மேல். அந்தப் புகழ்ச்சி எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. இவ்வளவு டாலர் தானாக வந்து சேரும்போது, உள்ளூரில் நிலையான வேலை உண்டாக்க எந்த அரசுக்கு அவசரம் வரும்?

ஆத்தேயின் கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருக்கும். சோப்பு, டின் மீன், சாக்லேட் என்று மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, கப்பலில் ஊருக்கு அனுப்புவார். மகனுக்கு ஷூவும் அதில்தான் போகும். பாட்டி அவன் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, அளந்து, அளவை எழுதி அனுப்புவார். பெட்டி போய்ச் சேர இரண்டு மாதம் ஆகிவிடும் என்று ஆத்தே எப்போதும் ஒரு சைஸ் கூட்டித்தான் வாங்குவார்.