தலைமுறைதோறும் மாறும் முதலெழுத்து
குடும்பப் பெயரைப் பின்தொடர்ந்தால் நான்கு தலைமுறைகளை எளிதில் எட்டிவிடலாம் என்று, சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தில் நடைபெறும் வம்சாவளி உரைகளைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை கூறுவது சீனக் குலப்பெயர்களுக்குப் பொருந்தலாம். தந்தையின் பெயரே முதலெழுத்தாகித் தலைமுறைதோறும் மாறிவரும் தமிழர்களுக்கு அது உதவாது. என் பாட்டனாரின் பெயர், எழுதியவர் காதில் விழுந்தபடியெல்லாம், பத்திரத்துக்குப் பத்திரம் வேறு எழுத்துகளில் இருக்கிறது. எங்களுக்கு வழி திறந்தது 1935இல் தொடங்கிய தமிழ் முரசு செய்தித்தாளில் வந்த ஒரு மரண அறிவித்தல்தான். சொந்த ஊர், சம்பந்தி வீட்டார், பினாங்கில் இருந்த தம்பி என்று எந்தச் சான்றிதழிலும் இல்லாத உறவுகள் அதில் இருந்தன. தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பழைய முரசு இதழ்கள் மின்னிலக்க வடிவில் உள்ளன; 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில் தமிழ் நேர்காணல்களும் இருக்கின்றன. நம்மவர்க்கான உரை, முடிந்தால் தமிழிலேயே, இவற்றிலிருந்து தொடங்கட்டும்.