இடித்த நாளுக்கும் திறக்கும் நாளுக்கும் நடுவில்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இடித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். விரிசல் விட்ட சுவருக்குக் கீழே என் மகளை உட்கார வைக்க எனக்கும் மனசு வராது.

புதுக் கட்டடங்களுக்குப் பணமும் ஒதுக்குகிறார்கள். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். இடித்த நாளுக்கும் திறக்கும் நாளுக்கும் நடுவில் பிள்ளைகள் எங்கே உட்காருவது என்பதுதான் என் கேள்வி.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இப்போது சமுதாயக் கூடத்தில், ஒரே ஹாலில் நடக்கிறது. போன வெள்ளிக்கிழமை மகளைக் கூப்பிடப் போனேன். அங்கே காதுகுத்து. உள்ளே நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் வேப்பமரத்தடியில். டீச்சர் கரும்பலகையை ஸ்டூல் மேல் சாய்த்து, காற்றில் விழாமல் ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் சத்தத்தில் அவர் சொன்னது முன்வரிசைக்குக் கேட்டிருந்தாலே பெரிது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது இதே மூன்று வகுப்புகளுக்குத்தான்!

பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டோம். "ஷெட் போட எதுலேருந்து எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் தலைமையாசிரியை. அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் அளவுப் பள்ளிக்கு வருஷ மானியமே 50,000 ரூபாய். கரண்ட் பில், சாக்பீஸ், ரிப்பேர், துப்புரவு எல்லாம் அதற்குள்தான்.

ஓடைப் பாலத்தை இடித்துக் கட்டும்போது பக்கத்திலேயே குழாய் பதித்து, மண் கொட்டி மாற்றுப்பாதை போடுகிறார்கள். அதற்கான செலவை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுகிறார்கள். பஸ் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்று யோசிக்கத் தெரிந்த நமக்கு, ஆறு வயசுப் பிள்ளையின் ஒன்றரை வருஷம் ஏன் கணக்கில் வரவில்லை?

அதற்காக 'ஏதாவது ஒரு கீற்றுப் பந்தல் போட்டுக்கோங்க' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 2004 ஜூலை 16, கும்பகோணம். கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. தற்காலிகம் என்றாலும் தீப்பிடிக்காத கூரை வேண்டும், இரண்டு வாசல் வேண்டும், ஃபேன் வேண்டும், பக்கத்தில் கழிப்பறை வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் இன்ஜினியர்களுக்குக் கழற்றி மாட்டும் அறைகள் போடுகிறார்கள். அதுபோல ஒன்றியத்துக்கு நாலைந்து வாங்கி வைத்தால், ஒரு பள்ளியில் வேலை முடிந்ததும் அடுத்த பள்ளிக்குக் கொண்டுபோகலாம். செலவழித்த பணமும் வீணாகாது.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறோம்: இடிக்கும் உத்தரவு வரும்போதே மாற்று வகுப்பறைக்கான தொகையும் அதே உத்தரவில் வர வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் அன்றைக்குக் கண்டிப்பாக வாங்க. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அந்த வேப்பமரத்தடியும் கிடையாது.