குப்பை அபராதத்தைப் பத்தாயிரமாக ஏற்றினால்தான் சரிப்படும்!

(பெங்களூரு அல்சூர். காலை ஆறரை மணி. மாடி வீட்டுக் குமார் தோளில் லேப்டாப் பை, கையில் கறுப்புக் கவருடன் இறங்குகிறார். கீழ்வீட்டுச் செல்வி வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறார்.)

செல்வி: என்ன தம்பி, குப்பையா? வண்டி ஏழரைக்குத்தானே வரும்?

குமார்: அதற்குள் நான் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்பேன் அக்கா. போகிற வழியில் கம்பத்தடியில்...

செல்வி: அங்கே சாமி படம் ஒட்டியிருக்கிறார்களே!

குமார்: படத்துக்கு இந்தப் பக்கம்தான் வைப்பேன். பயபக்தி இருக்கிறதல்லவா?

செல்வி: நல்ல பக்தி!

குமார்: நம் ஜனங்களுக்குச் சாமி போதாது அக்கா. தெருவில் குப்பை போட்டால் அபராதத்தைப் பத்தாயிரம் ரூபாயாக ஏற்ற வேண்டும். சிங்கப்பூரில் 2014இல் முதல் தடவைக்கே 2,000 டாலர் வரை என்று இரட்டிப்பாக்கினார்கள். மூன்றாம் தடவை 10,000 வரை!

செல்வி: காசு கிடக்கட்டும். அங்கே பளிச்சென்று ஒரு சட்டையை மாட்டி, பொது இடத்தில் குப்பை பொறுக்க வைக்கிறார்களாமே. மானம் போகுமே, அதற்குத்தான் பயப்படுவார்கள்.

குமார்: இங்கேயும்தான் 2025 அக்டோபரில், தெருவில் குப்பை போட்டவர்களின் வீட்டு வாசலிலேயே துப்புரவு ஊழியர்கள் குப்பையைக் கொட்டினார்கள். அதற்குத் திருவிழா என்று பேர் வேறு! கூடவே அபராதம்.

செல்வி: அதைப் பார்த்த பிறகுமா நீ கவரோடு கிளம்புகிறாய்?

குமார்: மாட்டினால்தானே? கவரைப் பிரித்துப் பெயரும் விலாசமும் தேடுவார்கள். கரண்ட் பில், பேங்க் கடிதம் எல்லாம் நான் சுக்குநூறாகக் கிழித்துவிடுவேன். என் பேர் ஒரு துண்டுக் காகிதத்தில்கூடக் கிடைக்காது. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன், பத்தாயிரம் போடட்டும்!

செல்வி: கவரைக் கிழித்துக்கொண்டு ஏதோ அட்டை நீட்டுகிறதே?

குமார்: ஷூ டப்பா. நேற்று பார்சலில் வந்ததை நீங்கள்தானே வாங்கி வைத்தீர்கள்.

செல்வி: ஆமாம், அந்த டெலிவரிப் பையன் என் பேரைச் சொல்லித்தான் கொடுத்தான். ஏன் தம்பி?

குமார்: பகலில் நான் இருப்பதில்லையே. அதனால் பார்சலுக்கெல்லாம் உங்கள் பேர், உங்கள் போன் நம்பர்...

செல்வி: எல்லாப் பார்சலுக்குமா?

குமார்: (தயங்கி) யோசித்தால், பத்தாயிரம் கொஞ்சம் ஜாஸ்திதான் அக்கா.

செல்வி: (போனை எடுத்து) நீ கவரோடு நட தம்பி. குப்பை போடுகிறவரை வீடியோ பிடித்து அனுப்பினால் 250 ரூபாய் பரிசு என்றார்கள். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, முகம் விழவில்லை.