தமிழை எச்டிஎம்எல் ஏற்காது என்பது பொய்

‘எச்டிஎம்எல்லில் தமிழை நேரடியாக அடித்தால் சிதையும், படமாகத்தான் போட வேண்டும்’ என்று, இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியைப் பற்றி, தஞ்சை, திருவாரூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

சிதைவுக்குக் காரணம் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. ‘கல்லணை’ கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் குறியாக்கமான யுடிஎஃப்-8 கோப்பில் 6 குறியீடு (புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனி), ஒவ்வொன்றுக்கும் 3 வீதம் 18 பைட். உலாவி வேறு குறியாக்கமாக எடுத்துக்கொண்டால், மும்மூன்றாகச் சேர வேண்டிய பைட்டுகள் பிரிந்து புரியாத ரோமன் எழுத்துகளாக நிற்கும். கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். ஹெட் பகுதி தொடங்கியதுமே, டைட்டிலுக்கும் முன்னால், மெட்டா சார்செட் வரியில் அதையே குறிப்பிடுங்கள். முதல் 1024 பைட்டுக்குள் அது இருந்தாக வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை மட்டும் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதற்குள் இருப்பதே ரோமன் குறியீடுதான்.

எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்லும் முறைப்பாசன அறிவிப்பைப் படமாகப் போட்டால், அதிலுள்ள வாய்க்கால் பெயரை விவசாயி பக்கத்தில் தேடிப் பிடிக்க முடியாது. படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் ஆல்ட் விளக்கம் எழுதாவிட்டால் பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதைப் படித்துச் சொல்லாது.