எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சாச்சி?

2018இல் என் ராத்தாவின் (அக்காவின்) மகளுக்கு நிகாஹ். கொழும்பு தெமட்டகொடை வீட்டிலேயே வைத்தோம். கீழே ஹோலில் ஆண்கள், மேல்மாடி அறையில் நாங்கள். பிள்ளை வங்கியில் வேலை செய்கிறவள், ஒரு நாளைக்கு எத்தனையோ தாளில் கையெழுத்து வைக்கிறவள். இந்த ஒரு கையெழுத்து அழகாக விழ வேண்டும் என்று முந்தின நாள் மருதானையில் புதுப் பேனை ஒன்று வாங்கிக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். கீழே காவின் எழுதி (நிகாஹைப் பதிந்து) முடித்து துஆ ஓதும் சத்தம் கேட்டது. நாங்களும் ஆமீன் சொன்னோம். பேரீச்சம்பழம் மேலே வந்தது, ஃபலூடா வந்தது. பதிவுப் புத்தகம் மட்டும் வரவில்லை. பேனையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சாச்சி?"

மாப்பிள்ளை போட்டுவிட்டார். வலியாக, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளராக, நின்று மச்சான் போட்டுவிட்டார். சாட்சிகள் போட்டுவிட்டார்கள். இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கேட்கவே இல்லை. எனக்கு இது புதிதில்லை, என் நிகாஹும் அப்படித்தான் நடந்தது. ஆனால் நான் பேனை வாங்கி வைத்துக் காத்திருந்ததில்லை.

போன கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூத்தவர் ஒருவர் நீளமான பதிவொன்று போட்டார். மேற்கு நாடுகள் 1948இல் கண்டுபிடித்த மனித உரிமையை இஸ்லாம் 1400 வருஷத்துக்கு முன்பே கொடுத்துவிட்டது, அவர்களிடம் நாம் படிக்க ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி எனக்கு முழு உடன்பாடு. மற்றப் பாதிதான் தூங்க விடவில்லை.

உடன்பாடான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நபிப் பட்டம் கிடைப்பதற்கு முன்னால் மக்காவில் ஒரு சம்பவம் நடந்தது. யெமனிலிருந்து சரக்கோடு வந்த வியாபாரி ஒருவரிடம் ஊரின் பெரிய புள்ளி ஒருவர் பொருளை வாங்கிக்கொண்டு காசு கொடுக்க மறுத்தார். வெளியூர்க்காரன், கேட்க ஆள் இல்லை. அப்போது சில குலத்தார் ஒரு வீட்டில் கூடி, அநியாயம் செய்யப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுழூல் என்பது அந்த உடன்படிக்கை. நபியவர்கள் இளைஞராக அதில் இருந்தார்கள். இஸ்லாம் வந்த பிறகும், இப்போது அதற்கு அழைத்தாலும் போவேன் என்றார்கள். அதைச் செய்தவர்கள் முஸ்லிம்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல விஷயம் யார் வீட்டில் நடந்தாலும் போய் உட்காருவதற்கு எங்களுக்கு முன்மாதிரி இருக்கிறது.

எங்கள் மார்க்கம் உரிமையைப் பேசும் விதமும் எனக்குப் பிடிக்கும். ஹக்கு என்ற சொல்லுக்கு உரிமை என்றும் அர்த்தம், உண்மை என்றும் அர்த்தம். என் ஹக்கு என்று பேசுவதைவிட, என் மேல் பிறருக்கு இருக்கும் ஹக்கு என்றுதான் உம்மா எங்களுக்குச் சொல்லித் தந்தார். வேலைக்காரப் பிள்ளையின் ஹக்கு, அயல் வீட்டின் ஹக்கு. அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டியதில் குறை வைத்தால் அவன் மன்னிக்கலாம், மனிதனுக்குச் செய்ய வேண்டியதில் குறை வைத்தால் அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். தொழுகையும் நோன்பும் நிறையக் கொண்டுவந்தும், ஒருவரை ஏசியதற்கும் இன்னொருவர் சொத்தைத் தின்றதற்கும் அதையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனைத்தான் நபியவர்கள் வங்குரோத்தானவன் என்றார்கள். இமாம் கஸ்ஸாலி மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, சொத்து என்று ஐந்தைச் சொல்லி, சரீஆவின் நோக்கமே இவற்றைக் காப்பதுதான் என்று எழுதினார். இங்கிலாந்தில் கல்யாணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1882இன் சட்டம் வர வேண்டியிருந்தது. குர்ஆன் ஏழாம் நூற்றாண்டிலேயே மகளுக்குப் பங்கு எழுதியது. இதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் கொடுக்க வேண்டியவன் கொடுக்காவிட்டால்? மறுமையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஈமானுக்கு, அதாவது நம்பிக்கைக்கு, சரி. இங்கே, இந்த ஊரில், அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வது? மேற்கின் உரிமைப் பேச்சு பிடிவாதமாக நிற்பது அந்த இடத்தில்தான். அது அரசாங்கத்தின் சட்டையைப் பிடிக்கிறது. எந்த வாசலில் முறையிடுவது, யார் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கிறது.

அந்தப் பேச்சின் அருமை எங்களுக்கு 2020இல் தெரிந்தது. ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது, கொவிட்டில் இறந்த எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்று. உலக சுகாதார நிறுவனம் அடக்கவும் செய்யலாம் என்று சொல்லியிருந்தும் எரித்தார்கள். டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளியது. அடுத்த சில நாட்களில் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பொரளையில் எரித்தார்கள். ராத்தாவின் மகளும் நானும் எதிர்ப்புக்காக வேலியில் கட்ட வெள்ளைத் துணியைக் கிழித்து எடுத்துக்கொண்டு பொரளை கனத்தை மயானத்துக்குப் போனோம். வேலிக் கம்பியெல்லாம் ஏற்கனவே வெள்ளை. எங்கள் பக்கத்தில் ஒரு சிங்களப் பெண்மணி தன் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு விழவில்லை, அவள்தான் பிடித்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்த நாட்களில் எங்கள் வீட்டு ஆண்கள் எந்த மொழியில் பேசினார்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனித உரிமை, மதச் சுதந்திரம், சர்வதேச உடன்படிக்கை. 2021 ஜனவரியில் ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர்கள் இது தவறு என்று சொன்னதும் அந்தச் செய்தி எத்தனை குழுவில் சுற்றியது! இணையத்தில் மனு ஒன்றுக்குக் கையெழுத்துச் சேர்த்தார்கள். "பொம்பளப் புள்ளைகளும் போடுங்கோ, ஒவ்வொரு கையெழுத்தும் முக்கியம்" என்று எங்களுக்கும் அனுப்பினார்கள். ராத்தாவின் மகளும் போட்டாள். பெப்ரவரி கடைசியில் வர்த்தமானி மாறியது. 2024இல் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது.

அன்று அந்த அறிக்கையை மேற்கத்தியச் சதி என்று யாரும் சொல்லவில்லை. மையத்தை (இறந்தவர் உடலை) அடக்கும் விஷயத்தில் எங்களுக்கு வேண்டியிருந்த அதே பேச்சை, முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தைப் பற்றி ஒரு பெண் எடுத்தால் மட்டும் அந்நியம் ஆகிவிடுகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சரி, அந்தப் பதிவு சொன்ன 1948, அதாவது ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம், உண்மையிலேயே மேற்கின் வீட்டுச் சாமானா? டிசம்பர் 10, பாரிஸ். ஆதரவு 48, எதிர்ப்பு ஒன்றுமில்லை, எட்டு நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. எங்கள் நாடு அந்த வருஷம் பெப்ரவரியில்தான் சுதந்திரம் பெற்றிருந்தது, ஐ.நா.வில் இடம் கிடைத்தது 1955இல். ஒதுங்கிய ஒரே முஸ்லிம் நாடு சவூதி அரேபியா. எகிப்து, சிரியா, ஈராக், ஈரான், துருக்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எல்லாம் ஆதரவாக வாக்களித்தன. மதச் சுதந்திரத்தைச் சொல்லும் 18ஆம் உறுப்புரையைப் பாகிஸ்தானின் ஸஃபருல்லாஹ் கான் குர்ஆனைக் காட்டியே ஆதரித்தார். கல்யாணத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்னும் 16ஆம் உறுப்புரைக்காக வாதாடியவர்களில் ஒருவர் அதே நாட்டின் பேகம் ஷாயிஸ்தா இக்ராமுல்லாஹ். சிறுவயதுக் கல்யாணத்தையும் கட்டாயக் கல்யாணத்தையும் நிறுத்த அது உதவும் என்று நினைத்தார். அந்தப் பெயரை எங்கள் குழுவில் யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் விவாகச் சட்டம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். அது அப்படியே சரீஆ, தொட்டால் ஈமான் போய்விடும் என்கிறார்கள். இந்த நாட்டில் முஸ்லிம் சட்டத்தை முதலில் சட்டக்கோவையாகப் பதிப்பித்தது பிரித்தானிய அரசாங்கம், 1806இல். அதற்கு முன்னோடி ஒல்லாந்தர் தொகுப்பு. பிறகு 1929இல் ஒரு கட்டளைச் சட்டம், அப்புறம் 1951. குர்ஆன் இறங்கியது இந்த வர்த்தமானிகளில் இல்லையே! 1951 சட்டத்தில் பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளைக்கும் காதியின் அனுமதியோடு கல்யாணம் எழுதலாம். மொரோக்கோ 2004இல் பெண்ணின் கல்யாண வயதை 18 ஆக்கியது. இந்தோனேசியா 2019இல் 19 ஆக்கியது. அவர்கள் இஸ்லாத்தை விட்டுப் போய்விடவில்லை. இங்கே நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் 2009இல் குழு போட்டு, ஒன்பது வருஷம் கழித்து 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். அதுவும் குழு இரண்டாகப் பிரிந்து. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையோ, பழைய எழுத்துச் சட்டம் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று கதவைச் சாத்தி வைத்திருக்கிறது.

1990இல் கெய்ரோவில் இஸ்லாமிய நாடுகள் தனியாக ஒரு மனித உரிமைப் பிரகடனம் வெளியிட்டன. நல்ல வரிகள் அதில் நிறைய உண்டு. ஆனால் 24ஆம் உறுப்புரை, இதிலுள்ள எல்லா உரிமையும் சரீஆவுக்குக் கட்டுப்பட்டது என்று முடிக்கிறது. எனக்குக் கட்டுப்படுவதில் பிரச்சினை இல்லை. யார் வாசிக்கும் சரீஆ என்பதுதான் பிரச்சினை. ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) வயது வந்த பெண் தானே நிகாஹ் செய்துகொள்ளலாம், ஷாஃபிஈயில் வலி வேண்டும். இரண்டும் சரீஆதான்.

மூதூர் ரிஸானா நஃபீக்கை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். 2005இல் அவள் கையிலிருந்த அந்த வீட்டுக் குழந்தை இறந்தபோது அவளுக்கு வயது பதினேழு. ஆரம்ப விசாரணையில் வழக்கறிஞர் இல்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தலையை வெட்டினார்கள். குற்றம் நடந்ததாகச் சொல்லும் நேரத்தில் பதினெட்டு ஆகாதவருக்கு மரண தண்டனை கூடாது என்று சிறுவர் உரிமை உடன்படிக்கை சொல்கிறது, சவூதியும் அதில் சேர்ந்த நாடு. சந்தேகம் இருந்தால் தண்டனையைத் தவிருங்கள் என்று எங்கள் மார்க்கச் சட்டமான ஃபிக்ஹும் சொல்கிறது. இரண்டு பக்கமும் அவளைக் காப்பாற்ற வார்த்தை இருந்தது. அந்தச் செய்தி வந்த இரவு உம்மா சாப்பிடவில்லை.

மேற்கு நாடுகள் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. பிரான்ஸ் 2004இல் அரசுப் பாடசாலைப் பிள்ளைகளின் தலையிலிருந்து முக்காட்டைக் கழற்றியது. காஸாவில் நடந்ததைப் பார்த்துக்கொண்டே ஆயுதம் அனுப்பியவர்கள் மனித உரிமை பேசும்போது எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் 2023 டிசம்பரில் இஸ்ரேலைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்த தென்னாபிரிக்கா எதைக் கையில் எடுத்தது? 1948இன் இனப்படுகொலை உடன்படிக்கையை. மனித உரிமைப் பிரகடனத்துக்கு ஒரு நாள் முன்னால் நிறைவேறியது அது. பிரகடன வாக்கெடுப்பில் அன்று ஒதுங்கிய எட்டு நாடுகளில் தென்னாபிரிக்காவும் ஒன்று, அப்போது அங்கே வெள்ளையர் ஆட்சி.

ஒரு காதி நீதிமன்றத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு துணைக்குப் போயிருக்கிறேன். எது என்று சொல்லப்போவதில்லை. தாபரிப்பு வழக்கு. சட்டப்படி அங்கே வழக்கறிஞர் பேச முடியாது. "ஆம்பளை யாரும் வரலியா?" என்று முதல் கேள்வி. வாசலில் நின்ற பத்தொன்பது வயதுத் தம்பியை உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தைக்கு மாதம் எத்தனை பெட்டி பால்மா என்று தம்பியிடம் கேட்டார்கள். அவனுக்குத் தெரியவில்லை, திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் மெதுவாக "நாலு" என்றாள். அவன் அதைச் சத்தமாகச் சொன்னான். எழுதிக்கொண்டார்கள்.

18 வயது, மணமகளின் கையெழுத்து, பெண்களும் காதியாகலாம் என்ற விதி. இந்த மூன்றையும் நான் ஒரு முஸ்லிமாகத்தான் கேட்கிறேன்.

குடும்பக் குழுவில் அந்தப் பதிவுக்குக் கீழே நான் வாதாடவில்லை. புகாரி தொகுப்பிலுள்ள ஒரு ஹதீஸை (நபிமொழியை) மட்டும் போட்டேன். கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணை அவர் விருப்பமில்லாமல் வாப்பா கட்டிக்கொடுத்துவிட்டார், நபியவர்கள் அந்த நிகாஹை ரத்துச் செய்தார்கள். எல்லோரும் பார்த்ததற்கு நீல அடையாளம் விழுந்தது, ஒருவரும் பேசவில்லை. இரவு பதினொரு மணிக்கு ராத்தாவின் மகள் தனியாக எழுதினாள்: "சாச்சி, அந்தக் கன்ஸா யாரக் கூட்டிக்கொண்டு போனாங்க?"

அவரே போனார், மகள். நேரே போய் நபியிடம் அவரே சொன்னார்.