ஸ்னார்க்கி பப்பி கலைந்துபோன குழு அல்ல

ஸ்னார்க்கி பப்பி என்ற அமெரிக்க ஜாஸ் இசைக்குழுவின் பழைய ஆட்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள், இப்போது வாசிப்பது அதே பெயரில் இயங்கும் வேறு குழு என்று ஒருவர் எழுதியதைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல.

2004-இல் டெக்சாஸின் டெண்டன் நகரில் பேஸ் கிதார் கலைஞர் மைக்கேல் லீக் தொடங்கிய குழு இது. இன்றுவரை அவர்தான் நடத்துகிறார். நிலையான ஐந்தாறு பேர் கொண்ட குழுவாக இல்லாமல், இருபதுக்கும் மேற்பட்டோர் முறைவைத்து வாசிக்கும் கூட்டமைப்பாக வளர்ந்தது. ஒரு இசைப் பயணத்தில் இல்லாதவர் அடுத்ததில் வந்து நிற்பார். ஆள் மாறுவதைப் பிளவு என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பமே.

நீங்களே சரிபார்க்கலாம். 2014-இல் வெளியான 'வி லைக் இட் ஹியர்', 2022-இல் வந்த 'எம்பயர் சென்ட்ரல்' என்ற இரண்டு ஆல்பங்களின் வாசித்தோர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லீக், பில் லாரன்ஸ், மார்க் லெட்டியேரி, நேட் வெர்த் எனப் பல பெயர்கள் இரண்டிலும் இருக்கும். முதலாவதில் லார்னெல் லூயிஸ் ஒருவரே டிரம்ஸ். இரண்டாவதில் அவரோடு இன்னும் இருவர். கோரி ஹென்றி முதலாவதில் மட்டும் உண்டு, 'லிங்கஸ்' பாட்டில் அவருடைய கீபோர்டு தனி வாசிப்பு அத்தனை அற்புதம்!

இரண்டுமே ரசிகர்கள் முன்னால் நேரடியாக வாசித்துப் படம்பிடித்தவை, காணொளிகள் யூடியூபில் கிடைக்கின்றன. பட்டியலை நம்பாதவர்கள் முகங்களைப் பார்த்தே உறுதிசெய்துகொள்ளலாம்.